தூண்டில் கோலில் வளையங்கள் பொருத்துதல்

ரீலிலிருந்து வரும் நரம்பைத் தாங்கி, தூண்டில் கோலின் நுனிவரை கொண்டுசெல்லும் சிறு வளையங்கள் கோல் வளையங்கள் எனப்படுகின்றன. தூண்டில்காரர்கள் இவற்றைக் கைடு என்றும் அழைப்பர். கடையில் வாங்கும் கோல்களில் இவை ஆலையிலேயே கட்டப்பட்டு வருகின்றன. வெறுந்தண்டு, ரீல் இருக்கை, பிடி, வளையங்கள் ஆகியவற்றைத் தனித்தனியாக வாங்கிச் சொந்தமாகக் கோல் கட்டுபவர், எத்தனை வளையம், என்ன அளவு, எந்த இடம் என்பவற்றைத் தாமே முடிவுசெய்ய வேண்டும். ஒரே தண்டில் வளையங்களின் இடம் மாறினால் இரை போய் விழும் தொலைவு மாறும். மீன் இழுக்கும்போது தண்டு தாங்கும் சுமையும் மாறும். தவறாகக் கட்டிய கோல் வெறும் கையில் ஆட்டிப் பார்க்கும்போது நன்றாகவே இருக்கும். பெரிய மீன் ஒன்று மாட்டும்போதுதான் அதன் குறை தெரியவரும்.

இக்கட்டுரை, கன்னியாகுமரி மாவட்டத்தின் அஞ்சுகிராமத்தை அடுத்த கடற்கரையில் கரையிலிருந்து வீசிப் பிடிக்கும் கோலை எடுத்துக்காட்டாகக் கொண்டு வளையங்களின் தேர்வையும் இடத்தையும் விளக்குகிறது.

கடற்கரையின் இயல்பு

அஞ்சுகிராமம், அகஸ்தீஸ்வரம் வட்டத்தில், திருநெல்வேலி மாவட்ட எல்லையை ஒட்டி அமைந்துள்ள பேரூராட்சி ஆகும். வட்டக்கோட்டையும் சின்னமுட்டம் மீன்பிடித் துறைமுகமும் இதற்குத் தெற்கே கடலோரத்தில் உள்ளன. கோல் கட்டுபவர் இப்பகுதியில் மூன்று பொருட்களைக் கணக்கில் கொள்ள வேண்டும். அவை காற்று, மணல், உப்பு.

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று இப்பகுதியில் வலுவாக வீசுகிறது. முப்பந்தலில் காற்றாலைகள் பெருமளவில் நிறுவப்பட்டதற்கும் இக்காற்றே காரணம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரையான மாதங்களில், கடலை நோக்கி வீசும் நரம்பைப் பக்கவாட்டுக் காற்று வில்போல் வளைத்துத் தொய்வாக்கும். தொய்ந்த நரம்பு வளையத்தின் காலில் சுற்றிக்கொள்வது வீச்சின்போது நேரும் பொதுவான இடர்.

கன்னியாகுமரிக் கடற்கரை மணல் சாதாரண மணல் மட்டுமன்று. அதில் கார்னெட், சிர்கான், இல்மனைட், மோனசைட் ஆகிய கனிமங்கள் கலந்துள்ளன. மாவட்டத்தின் மேற்குக் கரையிலுள்ள மணவாளக்குறிச்சி மணல் ஆலை இக்கனிமங்களையே பிரித்தெடுக்கிறது. ஈர நரம்பில் ஒட்டிக்கொண்டு வரும் இந்த மணல், ஒவ்வொரு முறை நரம்பைச் சுற்றும்போதும் வளையத்தின் உட்புறத்தை அராவுகிறது.

வளையம் இல்லாத தூண்டில்

குளத்தில் மீன் பிடிக்கும் மூங்கில் கோலுக்கு வளையம் தேவையில்லை. நரம்பு கோலின் நுனியில் கட்டப்பட்டிருக்கும். அதன் நீளம் மாறாது. கட்டுமரத்திலும் வள்ளத்திலும் பயன்படும் கைத்தூண்டிலுக்குக் கோலே இல்லை. மீனவரின் விரல்களே நரம்பை வழிநடத்தி, தேவைக்கேற்ப விட்டும் பிடித்தும் மீனைக் களைப்படையச் செய்கின்றன.

நரம்பைச் சேமித்து வைக்கும் ரீல் கோலின் அடியில் பொருத்தப்பட்டபோதுதான் வளையம் தேவைப்பட்டது. இந்தியாவில் ரீலுடன் கூடிய கோலைக் கொண்டு மீன் பிடிக்கும் வழக்கம் ஆங்கிலேய அதிகாரிகளிடையே 19-ஆம் நூற்றாண்டில் பரவியிருந்தது. சென்னை மாகாண ஆட்சிப் பணியிலிருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் எழுதிய 'தி ராட் இன் இந்தியா' என்ற நூல் 1873-இல் வெளிவந்தது. பழைய கோல்களில் வெறும் உலோகக் கம்பி வளையங்களே இருந்தன. 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜப்பானின் ஃபூஜி நிறுவனம் பீங்கான் உள்வளையங்களைப் பரவலாக்கியது. இன்று கோல் கட்டுவோர் பின்பற்றும் இடக்கணக்குகள் பலவும் அந்நிறுவனத்தின் முறைகளை ஒட்டியவை.

வளையத்தின் உறுப்புகள்

ஒரு வளையத்தில் மூன்று உறுப்புகள் உண்டு. நரம்பு உரசிச் செல்லும் உள்வளையம், அதைத் தாங்கும் உலோகச் சட்டம், தண்டின்மேல் நூலால் கட்டப்படும் கால் என்பவை அவை. ஒற்றைக்கால் வளையம் எடை குறைந்தது. தண்டின் வளைவைத் தடுக்காது. இரட்டைக்கால் வளையம் எடை கூடியது. பக்கவாட்டு அடியைத் தாங்கும். கரையிலிருந்து வீசும் கோலில் ரீலுக்கு அருகிலுள்ள பெரிய வளையங்களுக்கு இரட்டைக்காலும், நுனியை நோக்கிய சிறு வளையங்களுக்கு ஒற்றைக்காலும் ஏற்றவை. பாறைகளுக்கிடையே தூக்கிச் செல்ல வேண்டிய கனமான கோலுக்கு எல்லா வளையங்களையும் இரட்டைக்காலாக அமைப்பதும் உண்டு.

கோலின் முனையில் குழாய்போல் செருகப்படுவது நுனி வளையம். எண்ணிக்கை சொல்லும்போது இதைச் சேர்க்காமல் சொல்வதே வழக்கம்.

உள்வளையப் பொருள்

கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் வைரம் 10. சாதாரண மணலின் குவார்ட்சு 7, சிர்கான் 7.5. வளையத்தில் பயன்படும் சாதாரண எவர்சில்வர் கம்பி இவற்றைவிட மென்மையானது. அதனால் மணல் ஒட்டிய நரம்பு, குறிப்பாகப் பிரெய்டு எனப்படும் பின்னல் நரம்பு, வெறும் கம்பி வளையத்தில் நாளடைவில் பள்ளம் விழச் செய்யும். பள்ளத்தின் கூரிய விளிம்பு பின்னர் நரம்பை அறுக்கும்.

அலுமினியம் ஆக்சைடு பீங்கானின் கடினம் 9. சிலிக்கான் கார்பைடின் கடினம் அதைவிடச் சற்றுக் கூடுதல். மணலின் உராய்வை இரண்டும் தாங்கும். இவ்விரண்டிற்கும் இடையிலான வேறுபாடு வெப்பத்தில் உள்ளது. பெரிய பாரையோ நெய்மீனோ வேகமாக ஓடும்போது நரம்பு உரசி வளையம் சூடாகும். சிலிக்கான் கார்பைடு அவ்வெப்பத்தை அலுமினியம் ஆக்சைடைவிடப் பல மடங்கு விரைவாகக் கடத்திவிடும். பின்னல் நரம்பு குறைந்த வெப்பத்திலேயே வலுவிழக்கக்கூடியது.

செலவைக் குறைக்க விரும்புவோர் எல்லா வளையங்களையும் விலையுயர்ந்ததாக வாங்க வேண்டியதில்லை. நரம்பு மிகுதியாக மடங்கி உரசும் இடங்கள் நுனி வளையமும், ரீலுக்கு அடுத்த முதல் வளையமும் ஆகும். இவ்விரண்டையும் சிலிக்கான் கார்பைடாகவும், மற்றவற்றை அலுமினியம் ஆக்சைடாகவும் அமைக்கலாம். பீங்கான் எதுவாயினும் அடிபட்டால் விரிசல் விடும் என்பது இதன் குறை.

சட்டம்

சட்டத்தின் பொருளை உப்புக்காற்றே முடிவுசெய்கிறது. முலாம் பூசிய மலிவான சட்டங்களில் முலாம் உரிந்த இடத்தில் துரு தொடங்கும். நூல்கட்டுக்குள் மறைந்திருக்கும் காலில் உப்புநீர் தேங்குவதால், வெளியே பளபளப்பாகத் தெரியும் வளையமும் உள்ளே அரித்துப்போயிருக்கலாம். கடலுக்கு 316 வகை எவர்சில்வர் நல்லது. டைட்டானியம் துருப்பிடிக்காது, எடையும் குறைவு. விலைதான் பல மடங்கு.

சட்டத்தின் வடிவத்தைக் காற்று முடிவுசெய்கிறது. நேராக நிற்கும் பழைய வகைச் சட்டத்தில் தொய்ந்த நரம்பின் கண்ணி மாட்டினால் அங்கேயே இறுகிவிடும். அடுத்த நொடியில் நரம்பு அறுந்து இரை கடலில் போகும், அல்லது தண்டே முறியும். நுனியை நோக்கிச் சாய்ந்து, கால்கள் சரிவாக அமைந்த சட்டத்தில் அக்கண்ணி வழுக்கி முன்னோக்கிக் கழன்றுவிடும். ஃபூஜியின் கே வகைச் சட்டங்கள் இந்த நோக்கத்திற்காகவே வடிவமைக்கப்பட்டவை. பின்னல் நரம்பைப் பயன்படுத்துவோர் அஞ்சுகிராமம் போன்ற காற்றுமிகு கரையில் இத்தகைய சாய்ந்த சட்டத்தையே தேர்வது நல்லது.

ரீலின் வகை

ஸ்பின்னிங் ரீல் கோலின் அடிப்பக்கம் தொங்கும். அதன் சுருள் நிலையாக நிற்க, நரம்பு அகன்ற சுழல்களாக வெளியேறும். முதல் வளையம் உயரமாகவும் அகலமாகவும் இருந்து இந்தச் சுழலை ஏற்க வேண்டும். அடுத்தடுத்த வளையங்கள் அதைப் படிப்படியாக ஒடுக்க வேண்டும். சுழல் முற்றிலும் அடங்கி நரம்பு நேர்க்கோடாகும் இடத்திலுள்ள வளையம் ஒடுக்கு வளையம் எனலாம். அதற்கு அப்பால் நுனிவரை ஒரே அளவுள்ள சிறு வளையங்கள் போதும்.

பெய்ட்காஸ்டிங் ரீல் கோலின் மேற்பக்கம் அமரும். அதன் சுருளே சுழல்வதால் நரம்பு நேராக வெளிவரும். பெரிய முதல் வளையம் தேவையில்லை. வளையங்கள் மேலே இருப்பதால், கோல் வளையும்போது நரம்பு தண்டைத் தொடாதிருக்கக் கூடுதல் வளையங்கள் வேண்டும். மேலிருக்கும் வளையங்கள் சுமையின்போது தண்டை முறுக்கித் தலைகீழாகப் புரள முயலும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

தண்டை வளைத்து உருட்டினால் ஒரு பக்கம் தானாகத் திரும்பி நிற்கும். இதைத் தண்டின் முதுகு என்பர். முதுகின் திசையில் வளையம் கட்டினால் கோல் முறுக்காது என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. உண்மையில் முறுக்கைத் தீர்மானிப்பது வளையங்கள் மேலே உள்ளனவா கீழே உள்ளனவா என்பதே. தண்டு இயல்பிலேயே சற்று வளைந்திருந்தால், பார்வைக்கு நேராகத் தெரியும் திசையில் வளையங்களை வைப்பதே நடைமுறைக்கு உகந்தது.

எண்ணிக்கையும் அளவும்

கோலின் நீளம் எத்தனை அடியோ அத்தனையுடன் ஒன்றைக் கூட்டினால் வளையங்களின் எண்ணிக்கை கிடைக்கும் என்பது ஒரு பழைய கைக்கணக்கு. 7 அடிக் கோலுக்கு 8 வளையம். நீண்ட கரைக்கோல்களில் இது சற்றுக் குறையலாம். வளையம் குறைந்தால் சுமை சில இடங்களில் மட்டும் குவிந்து தண்டு அங்கே முறியும். மிகுந்தால் நுனியில் எடை ஏறி, தண்டு நிமிரும் வேகம் குறைந்து வீச்சுத் தொலைவு சுருங்கும். நுனிப்பகுதியில் கூடும் சிறு எடையும் அடிப்பகுதியில் கூடும் பேரெடையைவிட மிகுதியாக உணரப்படும்.

கடைகளில் சொல்லும் வளைய அளவு பொதுவாகப் பீங்கானின் வெளிவிட்டத்தை மில்லிமீட்டரில் குறிக்கும். நரம்பு செல்லும் உட்துளை அதைவிடச் சிறியது. பின்னல் நரம்பின் முனையில் தடித்த லீடர் நரம்பை முடிச்சிட்டுப் பயன்படுத்துவோர், அம்முடிச்சு மிகச் சிறிய வளையத்திலும் தடையின்றி நுழைகிறதா என்பதை வாங்குவதற்கு முன்பே பார்க்க வேண்டும்.

இடம் குறித்தல்: ஓர் எடுத்துக்காட்டு

ஒடுக்கு வளையத்தின் இடத்தைக் கண்டறிய ஃபூஜி முறையில் ஓர் எளிய பெருக்கல் உண்டு. ரீல் சுருளின் முன்விளிம்பு விட்டத்தை 27 ஆல் பெருக்க வேண்டும். சுருளின் முகப்பிலிருந்து அத்தனை தொலைவில் ஒடுக்கு வளையம் அமையும். மெல்லிய நரம்பும் இலகுவான கோலும் ஆயின் 27-க்குப் பதிலாக 20 வரை குறைத்துக்கொள்வதும் உண்டு.

10 அடி, அதாவது 305 செ.மீ. நீளமுள்ள இரு துண்டுக் கோலை எடுத்துக்கொள்ளலாம். ரீல் பொருத்தியபின் சுருளின் முகப்பு கோலின் அடியிலிருந்து 75 செ.மீ. தொலைவில், அதாவது நுனியிலிருந்து 230 செ.மீ. தொலைவில் இருப்பதாகக் கொள்வோம். சுருளின் விட்டம் 55 மி.மீ. எனில், 55 × 27 = 1485 மி.மீ. ஆகவே ஒடுக்கு வளையம் நுனியிலிருந்து 230 − 148.5 = 81.5 செ.மீ. தொலைவில் அமையும்.

நுனிக்கும் ஒடுக்கு வளையத்திற்கும் இடைப்பட்ட 81.5 செ.மீ. இடத்தில் ஐந்து சிறு வளையங்களை வைக்கலாம். தண்டு நுனியில் மிகுதியாக வளைவதால் அங்கே இடைவெளி குறைவாகவும், அடியை நோக்கிப் போகப்போகக் கூடுதலாகவும் இருக்க வேண்டும். 10, 11, 12.5, 14, 16, 18 செ.மீ. என இடைவெளி விட்டால் கூட்டுத்தொகை 81.5 வரும். நுனியிலிருந்து வளையங்களின் இடங்கள் 10, 21, 33.5, 47.5, 63.5 செ.மீ. ஆகும், ஆறாவதாக 81.5 செ.மீ.-இல் ஒடுக்கு வளையம் வரும்.

ஒடுக்கு வளையத்திற்கும் ரீலுக்கும் இடையே மூன்று பெரிய வளையங்கள் வரும். 19.5, 23, 29 செ.மீ. என இடைவெளி விட்டால் அவை 101, 124, 153 செ.மீ. இடங்களில் விழும். இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. இரு துண்டுகளும் சமநீளமாயின் கோலின் இணைப்பு 152.5 செ.மீ.-இல் உள்ளது. இணைப்பின் குறுக்கே வளையத்தின் கால் அமர முடியாது. எனவே முதல் வளையத்தை 158 செ.மீ.-க்கு, ரீலின் பக்கமாக நகர்த்தி, அதற்கேற்ப அடுத்ததை 126 செ.மீ. அளவில் சரிசெய்ய வேண்டும். இணைப்பின் வாய்ப்பகுதி பிளவாமலிருக்க அங்கே தனியாக நூல்கட்டும் போட வேண்டும்.

இக்கோலுக்கு ரீலிலிருந்து நுனியை நோக்கி 30, 20, 12 அளவுகளில் உயரமான மூன்று வளையங்களும், 10 அளவில் ஒடுக்கு வளையமும், 8 அளவில் ஐந்து சிறு வளையங்களும் பொருத்தமானவை. நுனி வளையத்தின் உட்துளை இச்சிறு வளையங்களின் உட்துளையைவிடக் குறுகலாக இருக்கக்கூடாது.

இவை எல்லாம் தொடக்கக் கணக்கு மட்டுமே. ஒரே நீளமுள்ள இரு தண்டுகளில் ஒன்று நுனியில் மட்டும் வளையும். மற்றொன்று நடுவரை வளையும். இரண்டிற்கும் ஒரே அட்டவணை பொருந்தாது. ஆகவே நூலால் கட்டுவதற்கு முன் மூன்று சோதனைகள் செய்யப்படுகின்றன.

நூல் சோதனை

வளையங்களை ஒட்டுநாடாவாலோ, சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய மெல்லிய ரப்பர் வளையங்களாலோ தற்காலிகமாகத் தண்டில் நிறுத்த வேண்டும். ரீலைப் பொருத்தி, சுருளின் முகப்பின் நடுவிலிருந்து ஒடுக்கு வளையத்தின் நடுவுக்கு ஒரு நூலை இழுத்துக் கட்ட வேண்டும். இடையிலுள்ள மூன்று வளையங்களின் துளைகளும் அந்த நேர்க்கோட்டைச் சூழ்ந்து நிற்க வேண்டும். ஒரு வளையத்தின் விளிம்பு நூலைத் தொட்டு மடக்கினால், அதை நகர்த்தவோ வேறு உயரமுள்ள வளையத்தை வைக்கவோ வேண்டும்.

வளைவுச் சோதனை

கோலின் அடியை ஏறத்தாழ 45 பாகை சாய்வில் நிலையாகப் பிடித்து, நரம்பை எல்லா வளையங்களிலும் கோத்து, முனையில் ஒரு 2 லிட்டர் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட வேண்டும். பாட்டிலில் சிறிது சிறிதாகத் தண்ணீர் ஊற்றினால் சுமை படிப்படியாகக் கூடி, நிறையும்போது சுமார் 2 கிலோவாகும். ரீலின் இழுவையை நரம்பின் அறுபடு எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வைப்பதில்லை என்பதால், 9 கிலோ நரம்புக்கு 3 கிலோ வரை சோதித்தால் போதும்.

இருவர் சேர்ந்து செய்வது நல்லது. ஒருவர் கோலைப் பிடிக்க, மற்றவர் பக்கவாட்டிலிருந்து பார்க்க வேண்டும். நரம்பு தண்டின் வளைவை ஒட்டியே செல்ல வேண்டும். ஒவ்வொரு வளையத்திலும் அது மடங்கும் கோணம் ஏறத்தாழ ஒன்றாயிருக்க வேண்டும். இரு வளையங்களுக்கிடையே நரம்பு தண்டைவிட்டு வெகுவாக விலகி நாண்போல் நின்றால், அங்கே இடைவெளி அதிகம். ஒரு வளையத்தில் மட்டும் கூர்மையாக மடங்கினால் சுமை அங்கே குவிகிறது என்று பொருள். அந்த வளையத்திற்கு இருபுறமும் உள்ளவற்றை ஒன்றிரண்டு செ.மீ. நெருக்கி மீண்டும் பார்க்க வேண்டும். பெய்ட்காஸ்டிங் கோலில் நரம்பு எங்கும் தண்டைத் தொடக்கூடாது.

கார்பன் இழைத் தண்டு முறியும்போது சில்லுகள் தெறிக்கும் என்பதால் கண்ணாடி அணிவது அவசியம். பிடிக்கும் நுனிக்கும் இடையிலான வளைவு 90 பாகையை மீறும்படி கோலை நிமிர்த்தக்கூடாது. எத்தனை வளையம் இருந்தாலும் அந்நிலையில் சுமை முழுவதும் மெல்லிய நுனிக்குப் போய்விடும்.

வீச்சுச் சோதனை

ஆளில்லாத திறந்தவெளியில், முள் இல்லாத இலகுவான ஈயத்தைக் கட்டி வீசிப் பார்க்க வேண்டும். தற்காலிகக் கட்டு முழு வேக வீச்சைத் தாங்காது. முதல் வளையத்தை ரீலிலிருந்து 5 செ.மீ. தள்ளியும் நெருக்கியும் சில வீச்சுகள் செய்து ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். நரம்பு முதல் வளையத்தில் அறைவதுபோல் ஒலித்தால் வளையம் ரீலுக்கு மிக அருகில் உள்ளது, அல்லது சிறியது. முதல் வளையத்தைக் கடந்தபின் நரம்பு தண்டில் தட்டினால் அடுத்த வளையம் தொலைவில் உள்ளது. பக்கவாட்டுக் காற்று உள்ள நாளிலும் ஒருமுறை வீசிப் பார்ப்பது இக்கரைக்கு இன்றியமையாதது. காற்றில்லாத மாலையில் சரியாக இருந்த இடம் காற்றில் கண்ணி விழச் செய்யலாம்.

கட்டுதல்

சோதனைகள் முடிந்தபின் ஒவ்வொரு இடத்தையும் தண்டில் குறித்துக்கொள்ள வேண்டும். காலின் முனையைச் சிறு அரத்தால் சரிவாக்கி, கூர்மையை நீக்க வேண்டும். இதனால் நூல் படியின்றி ஏறும். காலின் கூர்முனை தண்டின் இழைகளைக் கீறாது. நைலான் நூலை நெருக்கமாகச் சுற்றி, முனையைச் சுற்றுகளுக்கு அடியில் இழுத்து மறைப்பர். நூலை அளவுக்கு மீறி இறுக்கினால் தண்டு நசுங்கும். சுற்றியபின்னும் வளையத்தைச் சற்று நகர்த்தி நேராக்க முடிகிற அளவு இறுக்கம் போதும். எல்லா வளையங்களும் ஒரே கோட்டில் உள்ளனவா என்று அடியிலிருந்து ஒரு கண்ணால் பார்த்துச் சரிசெய்யலாம்.

பின்னர் இரு பகுதி எப்பாக்சியைச் சம அளவில் கலந்து நூல்மேல் பூச வேண்டும். அளவு பிசகினால் பூச்சு இறுகாமல் பிசுபிசுக்கும். பூசியபின் இறுகும்வரை கோலை மெதுவாகச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும்; இல்லையேல் பூச்சு ஒருபுறமாக வழிந்து தேங்கும். காலும் சட்டமும் சேரும் சந்தில் இடைவெளி இல்லாதபடி பூசுவதே உப்புநீர் உள்ளே புகாமல் தடுக்கும்.

நுனி வளையத்தை மட்டும் எப்பாக்சியால் ஒட்டுவதில்லை. சூடாக்கினால் இளகும் பசையைப் பயன்படுத்துவர். பாறையில் மோதி முதலில் உடைவது நுனி வளையமே. அப்போது சிறிது சூடுகாட்டி அதைக் கழற்றி வேறொன்றைச் செருகலாம். நூலால் கட்டிய வளையத்தை மாற்றுவதாயின் பூச்சையும் நூலையும் வெட்டி எடுக்க வேண்டியிருக்கும். கத்தி தவறினால் தண்டு பாழாகும்.

பராமரிப்பு

ஒவ்வொரு முறை கடலிலிருந்து வந்ததும் வளையங்களை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து உலர்த்த வேண்டும். உப்போடு நரம்பில் ஒட்டிய மணலும் இதனால் நீங்கும். மாதத்திற்கு ஒருமுறை மெல்லிய நைலான் துணியையோ பஞ்சையோ ஒவ்வொரு வளையத்தின் உள்ளும் இழுத்துப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத விரிசலிலும் அதன் இழை சிக்கும். இழை சிக்கிய வளையத்தை உடனே மாற்றிவிட வேண்டும். நரம்பு திரும்பத் திரும்ப ஒரே அளவு தொலைவில் அறுந்தால், முடிச்சைக் குறை சொல்வதற்கு முன் வளையங்களைச் சோதிக்க வேண்டும். நூல்கட்டின் ஓரத்தில் பழுப்பு நிறமோ பச்சை நிறமோ தெரிந்தால் உள்ளே கால் அரிக்கத் தொடங்கிவிட்டது எனலாம்.